கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் வைத்தியம்

கம்ப்யூட்டர் மேல் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அதற்குள்ளேயே குழாயில் தண்ணீரை ஓடவிட்டு அதைக் குளிர வைக்கிறார்கள் தெரியுமா? எங்க வீட்டிலேயே அது நடந்தது.

எங்க பெரியப்பா மகன் அண்ணன் பாலிடெக்னிக் படிக்கிறார். ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் எல்லாம் டிசைன் செய்து கொடுக்கிறார். அந்தக் காசில்தான் பீஸ் கட்டுகிறார். சித்திரை மாசம் மத்தியானம் ஆனால் போதும், அது படக்கென்று அணைந்துவிடும். செய்த வேலை போய்விடும். ஒரு பத்திரிகை ஆர்டரே அப்படிக் கைவிட்டுப் போச்சு.

ஏன் அணைகிறது? நாம பெட்டியையே சி.பி.யூ. என்று சொல்கிறோம். உண்மையில் சி.பி.யூ. என்பது உள்ளே தீப்பெட்டி அகலத்தில் இருக்கிற பிராசசர்தான். வேலை மும்முரமாக நடக்கும்போது அது 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டைக் கக்கும். 100 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுக்கும் மேலே சூடானால் கருகிப் போகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும்.

"தண்ணி விட்டுப் பாக்கலாம் பாப்பா" என்றார் அண்ணன். நான் பயந்துட்டேன். அப்போதுதான் அவர் திருச்சி என்.ஐ.டி.யில் உள்ள 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னார். 2022 மே மாதம் தொடங்கி வைத்தார்களாம். ஒரு நொடியில் 838 லட்சம் கோடி கணக்குப் போடும் அளவுக்கு வேகம். அதைக் குளிர வைப்பதும் இப்படிக் குழாயில் ஓடும் திரவம்தான்!

அவ்வளவு தூரம் போவானேன், தாத்தாவின் ஆயில் எஞ்சினைப் பாருங்கள். கரண்ட் இல்லாத நேரம் கிணற்றில் இறைக்க இன்னும் அதை ஓட்டுவோம். இறைக்கிற தண்ணீரில் கொஞ்சம் சின்ன டியூப் வழியாக எஞ்சினைச் சுற்றிப் போய்ச் சுடச்சுட வெளியே வரும். மார்கழியில் அதில் கை நனைக்க எங்களுக்குள் சண்டையே நடக்கும். தண்ணீர் சூட்டை அழிக்கவில்லை, தூக்கிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

தண்ணீர் நல்ல சுமைகூலி. ஒரு கிலோ செம்பை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 390 ஜூல் போதும். ஒரு கிலோ தண்ணீருக்கு 4,200 ஜூல் வேண்டும். (வெப்பம் பாடத்தில் வரும் தன்வெப்ப ஏற்புத்திறன் இதுதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு இது புரியவே இல்லை!)

அண்ணன் பிராசசர் மேல் வைக்கும் செம்புக் கட்டி ஒன்று வாங்கினார். உள்ளே மெல்லிய வரிவரியாக இருக்கும், அதன் நடுவே தண்ணீர் ஓடும். அதோடு ஏர்கூலர் மோட்டார், பிளாஸ்டிக் டியூப், கிளிப். முதலில் ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீர் வைத்து ஓட்டினோம். நான் கணக்குப் போட்டேன். 100 வாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 ஜூல். 10 லிட்டரை 1 டிகிரி ஏற்ற 42,000 ஜூல். வகுத்தால் எட்டரை டிகிரி ஏற வேண்டும். அறிவியல் மிஸ் கொடுத்த தெர்மாமீட்டரில் 29 டிகிரி இருந்தது. ஒரு மணி நேரத்தில் 35 ஆச்சு. வாளியே கொஞ்சம் சூட்டைக் காற்றுக்கு விட்டுவிடும், கம்ப்யூட்டரும் எப்பவும் முழு மூச்சாக வேலை செய்யாது. அதனால்தான் குறைவு.

ஆக வாளி மட்டும் போதாது. சூட்டை இறக்கி வைக்க ஓர் இடம் வேணும். அதுக்குத்தான் ரேடியேட்டர். கார் முன்னால் இருக்குமே, அதே மாதிரி சின்னது. பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. பின்னால் ஒரு பேன் வைத்தோம். கரண்ட் கொடுக்கும் முன்னே மோட்டாரை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, இணைப்புக்கு அடியில் எல்லாம் காகிதம் விரித்து ஒழுகுதா என்று பார்த்தோம். மோட்டார் 230 வோல்ட், அதனால் பிளக்கைப் பிடுங்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. போர் தண்ணீரும் ஆகாது, பானையில் படிகிற மாதிரி உப்பு அந்த வரிகளில் படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றினோம்.

ரேடியேட்டர் வைத்தாலும் தண்ணீர் அறைக் காற்றை விடக் குளிராது. அறை 36 டிகிரி என்றால் தண்ணீர் அதுக்கும் மேலேதான். "பானையில வச்சா குளுந்துரும்ல?" என்று அப்பத்தா கேட்டாங்க. நல்ல கேள்வி! பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் காற்றை விடக் குளிரும். மூடிய குழாயில் ஆவியாக வழி இல்லை. ஐஸ் போடலாமா என்றேன். ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்க்கிற மாதிரி குழாயும் வேர்த்து, போர்டில் சொட்டிவிடும்.

இரண்டு மாசம் ஒரு தடவை கூட அணையவில்லை. அண்ணன் அந்தச் சம்பளத்தில் பீஸில் பாதி கட்டிவிட்டார். அப்புறம் தண்ணீர் கலங்கி, வெள்ளையாக மாவு மாதிரி மிதந்தது. கட்டி செம்பு, ரேடியேட்டரோ அலுமினியம்! எலுமிச்சம்பழத்தில் செம்பும் துத்தநாகமும் குத்தி பேட்டரி செய்தோமே, அதே கதை. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்ததால் அலுமினியம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒழுகும் முன்னே பார்த்தோம், கம்ப்யூட்டர் தப்பிச்சது.

கழற்றும்போதுதான் பழைய பேனையும் பார்த்தோம். விரலளவு தூசி! பிராசசர் மேல் தடவும் பேஸ்ட் முன்னாடியே காய்ந்து போயிருந்ததை அண்ணன் அப்போதுதான் ஒத்துக்கொண்டார். இதை முதலில் பார்த்திருந்தால் வாளியே வேண்டியிருக்காதோ என்னவோ. தூசியைத் துடைத்து, புது பேஸ்ட் தடவி, இப்போதைக்குப் பேன்தான் ஓடுகிறது. மோட்டாரும் டியூபும் கட்டிலுக்கு அடியில் இருக்கு. செம்பு ரேடியேட்டருக்குக் காசு சேர்க்கிறார். அடுத்த சித்திரைக்குள் வாங்கிடுவாராம்.