துருவத்தில் இறங்கும் இயந்திரத்தை எப்படி வடிவமைப்பது?

மாணவர்களே, மார்ச், செப்டம்பர் மாதங்களில் நண்பகலில் ஜொகூர் பாருவில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 1.5 பாகையில் இருப்பதே காரணம். துருவப் பகுதியிலோ சூரியன் தாழ்வாகவே நகரும். சூரிய ஒளியால் இயங்கும் இயந்திரத்துக்கு இது பெரிய சிக்கல்.

இந்தியாவின் சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கி, 2023 ஆகஸ்டு 23 அன்று மலேசிய நேரப்படி இரவு 8.34 மணிக்கு நிலாவில் இறங்கியது. திட்ட இயக்குநர் தமிழ்நாட்டின் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். இறங்கிய இடம் ஏறத்தாழ 69 பாகை தென் அட்சரேகை. அங்கே நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 21 பாகைதான் உயரும் (90 – 69 = 21).

சூரியனை நேராகப் பார்க்கும் தகடு பெறும் ஒளியில், தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் தகடு அந்த நண்பகலில் பெறுவது 36 விழுக்காடு மட்டுமே. சூரியன் இருக்கும் திசையைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும் தகடு 93 விழுக்காடு பெறும். அதனால்தான் விக்ரமின் சூரியத் தகடுகள் அதன் பக்கங்களில் பொருத்தப்பட்டன.

இறங்கும்போது விக்ரம் வேறு பக்கம் திரும்பிவிட்டால்? எப்படித் திரும்பி நின்றாலும் மின்சாரம் கிடைக்க, நான்கு பக்கங்களிலும் தகடுகள் வைத்தார்கள்.

‘தவறினால் என்ன செய்வது?’ என்ற இந்தக் கேள்வியின் பின்னால் ஓர் இழப்பு இருக்கிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 தரையிறங்கி நிலாவில் மோதி நொறுங்கியது. அதன்பின் இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ செய்த மாற்றங்களைப் பாருங்கள்:

• வேகம் கூடினால்? வினாடிக்கு 2 மீட்டருக்குப் பதில் 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்படி கால்களை வலுப்படுத்தினார்கள்.

• இடம் தவறினால்? 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குதளத்தை 4 கி.மீ. நீளம், 2.4 கி.மீ. அகலமாக விரித்தார்கள்.

• நேரம் பிடித்தால்? கூடுதல் எரிபொருள் ஏற்றினார்கள்.

செவ்வாய்க் கோளிலும் இதே பாடம்தான். நாசாவின் ஃபீனிக்ஸ் 2008 மே 25 அன்று, 68 பாகை வட அட்சரேகையில் இறங்கி, மண்ணுக்கடியில் உறைபனியைக் கண்டது. மூன்று மாதக் கோடைகாலப் பணிக்கென வடிவமைக்கப்பட்ட அது, ஐந்து மாதத்துக்கு மேல் உழைத்தது. குளிர்காலம் நெருங்கி வெயில் குறைந்ததும் நவம்பரில் ஓய்ந்துவிட்டது.

செய்து பாருங்கள்: இருட்டறையில் மேசைமீது ஒரு வெள்ளை அட்டையைப் படுக்க வையுங்கள். கைவிளக்கைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்து ஒளி பாய்ச்சுங்கள். பிறகு அட்டையை நிமிர்த்துங்கள். எப்போது அட்டை பளிச்சென்று இருக்கிறது? விக்ரமின் வடிவத்துக்கான காரணம் உங்கள் கையிலேயே தெரியும்.