மறுமணத்துக்குப் பின் முதல் மணத்துப் பிள்ளையைத் தேற்றுவது எப்படி?

மண உறவைத் தீர்த்துவிடுவதும் வேறு துணை தேடிக்கொள்வதும் கொல்லிமலை மலையாளிப் பழங்குடியினரிடம் பழைய வழக்கம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவிக்காதவரை, பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஊர்ப் பெரியவர்கள் முன் வழக்கப்படி பேசி முடிக்க அதனால் இன்றும் இடமுண்டு.

பெரியவர்கள் முன் நடக்கும் அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குங்கள். பிள்ளை யாரிடம் இருக்கும், படிப்புச் செலவு யாருடையது, மற்றவர் எப்போது வந்து பார்ப்பார் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முன் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். கல்யாணச் சேதி அதன் காதுக்கு உங்கள் வாயால்தான் போக வேண்டும், பக்கத்து வீட்டார் வாயால் அல்ல.

புதிதாக வந்தவரை "அப்பா என்றோ அம்மா என்றோ கூப்பிடு" என்று வற்புறுத்தாதீர்கள். சித்தப்பா, சித்தி, மாமா, எது வாயில் வருகிறதோ அது போதும். கண்டிப்பதைச் சில காலம் பெற்றவரே செய்யட்டும். வந்தவர் முதலில் பழகட்டும். மிளகு பறிக்கையில் கூட அழைத்துப் போவது நூறு புத்திமதியைவிட மேல்.

நான் மிகவும் கவலைப்படுவது விடுதி விஷயத்தில்தான். மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருப்பது பெரிய உதவி. ஆனால் கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளையை அங்கே சேர்த்தால், "எனக்கு இடமில்லாமல் அனுப்பிவிட்டார்கள்" என்றே அது எண்ணும். முடிந்தவரை புதுவீட்டில் ஊன்றிய பிறகு அனுப்புங்கள். இப்போதே அனுப்பத்தான் வேண்டுமென்றால் விடுமுறைதோறும் தவறாமல் கூட்டி வாருங்கள். அதன் பாயும் பெட்டியும் வீட்டில் அதே இடத்தில் இருக்கட்டும். ஆடி பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது, பிரிந்துபோனவரும் பிள்ளையைச் சந்திக்கட்டும். அவரைப் பற்றிப் பிள்ளை காதுபட இழிவாகப் பேசாதீர்கள்.

பள்ளிப் பதிவில் பெற்ற தகப்பன் பெயரை அழித்து வந்தவர் பெயரை எழுதாதீர்கள். சாதிச் சான்றிதழில் சிக்கல் வரும். சட்டப்படி தத்தெடுக்க வழி இருக்கிறது. பெற்ற தகப்பனின் சம்மதமும் மாவட்ட ஆட்சியரின் உத்தரவும் வேண்டும். தாய் மறுமணம் செய்தாலும் பிள்ளைக்குப் பெற்ற தகப்பன் தர வேண்டிய ஜீவனாம்சம் நின்றுவிடாது. பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

பாயில் சிறுநீர் போவது, அடிக்கடி வயிற்றுவலி என்பது, பள்ளிக்குப் போக மறுப்பது: இவற்றை அடம் என்று அடிக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பிள்ளையை யாராவது துன்புறுத்துவது தெரிந்தால் உடனே 1098க்கு அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.