பயணம் முடிந்து ஊர் திரும்பியபின்

அயல்தேசங்களில் தன்னந்தனியராய் முதுகுப்பையோடு சஞ்சரித்துவிட்டு, தருமபுரியில் பென்னாகரம் பஸ் ஏறி இண்டூரில் வந்திறங்கும் இளைஞர், உற்றாரும் அண்டை வீட்டாரும் கேட்கும் ஒரே கேள்விக்கு ஒரே விடையைச் சொல்லிச் சொல்லியே தம் அனுபவத்தை மழுங்கடித்துவிடுவது சகஜமாகையால், முதல் வாரத்திலேயே தினம் ஒரு பக்கமேனும் எழுதிவைப்பது உசிதம். எழுதும்போது, உலகம் சுற்றிய ஏ. கே. செட்டியாரைப் போலத் தம்மைப் பின்னே நிறுத்திக் கண்ட மனிதரை முன்னே நிறுத்துவாராயின் விசேஷம். சுயபுராணத்துக்கு வாசகர் அகப்படுவது அரிது.

சூட்டில் அச்சாகும் வழவழப்புத் தாள் டிக்கெட்டுகளின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். உடனே போட்டோ எடுத்துவைக்கவும்.

மிஞ்சிய அந்நிய நோட்டுகளில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை கைவசம் வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதி இடந்தருகிறது. அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றகத்திலோ ஒப்படைக்க வேண்டும். சில்லறைக் காசுகளைப் பெரும்பாலும் எவரும் மாற்றித் தருவதில்லையாதலால், அவற்றை அந்நாட்டு விமான நிலையத்திலேயே காப்பிக்குச் செலவிடுவது விவேகம்.

மலேரியா சிலவேளை மாதங்கள் கழித்தும் தலைகாட்டுமாகையால், காய்ச்சல் கண்டால் போய்வந்த நாடுகளின் பெயரை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடவும்.