பூட்டும் கீலும்

வீட்டுக்கு அழகு தருவன பல. காவல் தருவது கதவு. ஆயினும் கதவுப் பலகை தனித்து நின்று காவல் புரிவதில்லை. பலகை எத்துணை உறுதியுடையதாயினும், கீல் தளர்ந்தால் அது நேர்நில்லாது. கைப்பிடி கழன்றால் கைக்கு அடங்காது. பூட்டுப் பழுதுற்றால் திறக்க வேண்டியபோது திறவாது, மூட வேண்டியபோது மூடாது. கீல், கைப்பிடி, பூட்டு ஆகிய மூன்றும் உருவிற் சிறியன. எனினும் பெருந்தேர் சிறிய அச்சாணியை நம்பி ஓடுவதுபோல, பெருங்கதவும் இச்சிறு கருவிகளை நம்பியே நிற்கின்றது.

கதவின் உறுப்புகளுக்கு நம் மொழியில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சுவரில் நிலைத்து நிற்பது நிலை. அதனுள் அசைவது கதவு. பழைய வீடுகளிலும் கோயில்களிலும் உள்ள பெருங்கதவுகளுக்கு இரும்புக் கீல் இல்லை. கதவின் ஓரத்தில் மேலும் கீழுமாக நீட்டிக்கொண்டிருக்கும் குடுமிகள் நிலையிலுள்ள குழிகளிற் பொருந்திச் சுழலும். பிற்காலத்தில் குடுமியின் தொழிலைக் கீல் ஏற்றது. உள்ளே குறுக்காகச் செல்வது தாழ். கோத்து மாட்டுவது கொண்டி. அதனை ஏற்றுக்கொள்வது நாதாங்கி. பெயர் வேறாயின் பணியும் வேறு. பணி வேறாயின் அதற்கு வரும் பழுதும் வேறு. ஆதலின் "கதவு கெட்டுவிட்டது" என்று கூறுவோர் இன்னும் ஒன்றும் கூறியவராகார். எவ்வுறுப்புக் கெட்டது, ஏன் கெட்டது என்று அறிந்த பின்னரே பழுது பார்க்கும் வேலை தொடங்குகின்றது.

இவ்வுண்மையை நன்கு விளக்கவல்லது குளிர்நாடுகளில் வழங்கும் இரட்டைக் கண்ணாடிக் கதவாகும். பிரிட்டன் போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டினுள் அடுப்பும் வெப்பக்குழாயும் தரும் சூட்டைப் பேணிக் காத்தல் வேண்டும். ஒற்றைக் கண்ணாடி வழியாக அச்சூடு விரைவில் வெளியேறிவிடும். இரண்டு கண்ணாடிகளைச் சிறிது இடைவெளிவிட்டு அமைத்து, விளிம்புகளைக் காற்றுப் புகாவண்ணம் அடைத்துவிட்டால், நடுவே சிறைப்பட்ட காற்று போர்வைபோல் நின்று வெப்பத்தைத் தடுக்கும். காற்றுக்கு மாறாக ஆர்கான் என்னும் வாயுவை நிரப்புவதும் உண்டு. இரு கண்ணாடிகளை இவ்வாறு இணைக்கும் முறைக்கு 1865-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்சன் என்பார் காப்புரிமை பெற்றார். பிளாஸ்டிக் சட்டத்தில் அமைந்த இத்தகைய சன்னல்களும் கதவுகளும் 1980-ஆம் ஆண்டுகள் முதல் பிரிட்டனில் பெரிதும் பரவின. வெயிலையும் தெருவோசையையும் தடுக்கும் பொருட்டு நம் நாட்டு நகரங்களின் பெருங்கட்டடங்களிலும் இன்று இவற்றைக் காணலாம்.

இக்கதவு கனமானது. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 4 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள கண்ணாடி ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ளது. இரண்டு கண்ணாடிகள் எனின் எடை 20 கிலோகிராம் ஆகும். இச்சுமை முழுவதையும் ஒரு பக்கத்துக் கீல்களே தாங்க வேண்டும். ஆதலின் கீல்கள் காலப்போக்கில் சிறிது தளர்தல் இயல்பே.

இதன் பூட்டோ பல பூட்டுகள் ஒன்றுசேர்ந்தது போன்றது. கதவின் விளிம்பினுள் நீண்ட எஃகுப் பட்டை ஒன்று மேலிருந்து கீழாக ஓடுகின்றது. அதன் நடுவே சிறிய பற்சக்கரப் பெட்டி உள்ளது. கைப்பிடியை மேல்நோக்கித் தூக்கினால், சதுரத் தண்டு ஒன்று சுழன்று அப்பெட்டியை இயக்கும். உடனே பட்டையில் அமைந்த கொக்கிகளும் முளைகளும் ஒருங்கே நிலையிலுள்ள நாதாங்கிகளுட் புகும். பின்னர்ச் சாவியைத் திருப்பினால் யாவும் உறுதிப்படும். பல இடங்களிற் பற்றுவதால் கதவு இறுக மூடுகின்றது. காற்றும் மழையும் உட்புகுவதில்லை. ஆயின், அத்தனை முளைகளும் அத்தனை நாதாங்கிகளுக்கும் நேராக நின்றாலன்றிப் பூட்டு இயங்காது. கதவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கினாலும் முளைகள் நாதாங்கியின் விளிம்பில் முட்டி நிற்கும்.

இங்கேதான் பலரும் பிழைபடுகின்றனர். சாவி திரும்பவில்லை, கைப்பிடி உயரவில்லை. "பூட்டுக் கெட்டது" என்று முடிவு செய்து, கைப்பிடியை இரு கைகளாலும் பற்றி வலிந்து தூக்குகின்றனர். சில நாள் அது பணியும். பின்னர் ஒருநாள் உள்ளேயுள்ள பற்சக்கரம் முறியும். கதவு பூட்டிய நிலையில் முறிந்துவிட்டால் அதனைத் திறப்பதற்கே தொழிலறிந்தார் ஒருவரை அழைக்க வேண்டும். திருகாணியை ஓரிரு சுற்றுச் சுற்றித் தீர்த்திருக்க வேண்டிய குறை, புதுப் பூட்டு வாங்கும் செலவாய் முடிகின்றது. நோவு ஓரிடம், மருந்து வேறிடம் என்றானபின் நோய் தீர்வது எங்ஙனம்?

குற்றம் எங்குள்ளது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கைப்பிடியைத் தூக்கிச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்பொழுது யாவும் தடையின்றி இயங்குமாயின் பூட்டின்மீது குற்றமில்லை. கதவு இடம்பெயர்ந்துள்ளது என்பது தெளிவு. திறந்த நிலையிலும் தடை இருப்பின் குற்றம் பூட்டினுள்ளேயே உள்ளது. இச்சோதனைக்குக் கருவி ஒன்றும் வேண்டா; அரை நிமிடப் பொறுமையே போதும்.

காலத்தையும் நோக்குதல் வேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் விரியும் இயல்புடையது. கோடை நண்பகலில் மட்டும் இறுகி, மாலையில் எளிதாகத் திரும்பும் கதவு வெப்பத்தால் விரிந்ததேயன்றிப் பழுதுற்றதன்று. அதற்கு நாதாங்கியைச் சிறிது தளர்த்தி அமைத்தல் போதும்.

கதவு இறங்கியிருப்பதை அறியும் வழி யாது? மூடிய கதவுக்கும் நிலைக்கும் இடையே உள்ள இடுக்கை நாற்புறமும் நோக்குக. மேற்புறத்தில் கீலுக்கு எதிர்ப்பக்கம் இடுக்கு அகன்றும், அதே பக்கத்தின் அடிமூலை நிலையில் உராய்ந்தும் இருக்குமாயின் கதவு தொங்கிவிட்டது என்க. இத்தகைய கதவுகளின் கீல்களிற் பெரும்பாலானவை திருத்தத்தக்கனவாகவே செய்யப்படுகின்றன. மூடியை அகற்றி, அறுகோணக் கோலினால் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கதவை உயர்த்தலாம், பக்கவாட்டிலும் நகர்த்தலாம். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒருமுறை கதவை மூடிப் பார்த்தல் நலம். கீல்கள் மூன்று இருப்பின் மூன்றையும் ஒத்த அளவில் திருப்புதல் வேண்டும்; ஒன்றை மட்டும் திருப்பினால் சுமை முழுவதும் அதன்மேல் விழும்.

சிலபோது கீல் நன்றாயிருந்தும் கதவின் சட்டமே கோணிவிடும். அப்பொழுது கண்ணாடியே அதற்குத் துணை நிற்கும். வேலிக்கதவில் கீழ்க்கீலின் அருகிலிருந்து எதிர்ப்பக்க மேல்மூலை வரை சாய்வாக ஒரு மரச்சட்டம் அறைந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சுமையைத் தாங்கிக் கீலிடம் சேர்ப்பது அச்சட்டம். இரட்டைக் கண்ணாடிக் கதவிலும் கீல் பக்கத்து அடிமூலையிலும், பூட்டுப் பக்கத்து மேல்மூலையிலும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே சிறு பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினால், கண்ணாடி அச்சாய்வுச் சட்டத்தின் வேலையைச் செய்யும். கதவு மீண்டும் நேர்நிற்கும். வேலிக்கதவுக்கும் மாளிகைக் கதவுக்கும் விதி ஒன்றே.

சன்னலின் கீல் வேறு வகையானது. அது கத்தரிக்கோல்போல் மடங்கி விரியும் எஃகுப் புயங்களையுடையது. அதன் உராய்வே சன்னலைத் திறந்த நிலையில் நிறுத்துகின்றது. மணலும் தூசியும் அடைந்தால் அது இறுகும்; ஆணிகள் தேய்ந்தால் சன்னல் காற்றில் அடித்துக்கொள்ளும். முன்னதற்குத் துடைத்தலும் சிறிது எண்ணெயும் மருந்து. பின்னதற்கு மாற்றுக் கீல் வேண்டும். வாங்குமுன் பழைய கீலின் நீளத்தையும், மடங்கிய நிலையில் அதன் உயரத்தையும் அளந்துகொள்ளுதல் கட்டாயம். அவ்வுயரம் 13 மில்லிமீட்டர், 17 மில்லிமீட்டர் என இருவகையாக வழங்குகின்றது. நான்கு மில்லிமீட்டர்தானே என்று கருதி மாற்றிப் பொருத்தினால் சன்னல் ஒருபோதும் இறுக மூடாது.

கைப்பிடி தொய்ந்து தொங்கினால் உள்ளேயுள்ள சுருள்வில் முறிந்திருக்கக்கூடும். கைப்பிடி சுழன்றும் பூட்டு அசையாவிடின், சதுரத் தண்டோ பற்சக்கரமோ தேய்ந்திருக்கும். இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். கைப்பிடி ஒன்று கெட்டதற்காகச் சன்னல் முழுவதையும் மாற்றுவோர் உளர். அது செருப்பின் வார் அறுந்ததற்குக் காலைக் குறை கூறுவது போன்றது. இரு கண்ணாடிகளுக்கும் நடுவே நீராவி படிந்து மங்கினால், விளிம்பின் அடைப்புக் கெட்டது என்பது பொருள். அப்பொழுதும் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றினால் போதும்; சட்டமும் பூட்டும் கீலும் தத்தம் இடத்திலேயே இருக்கலாம்.

சாவி நுழையும் உருளையினுள் சிறு முளைகள் வரிசையாக உள்ளன. சாவியின் பற்கள் அவற்றை உரிய அளவுக்கு உயர்த்தினால்தான் உருளை சுழலும். இதனுள் கெட்டியான எண்ணெய் விடுதல் ஆகாது. எண்ணெய் தூசியை ஈர்த்துச் சேறாக்கும். பென்சில் முனை செய்யப் பயன்படும் கிராபைட்டுப் பொடியே இதற்கு ஏற்றது. உருளையை மாற்ற நேரின் கதவின் விளிம்பிலுள்ள நீண்ட திருகாணி ஒன்றைக் கழற்றி, சாவியைச் சிறிதே திருப்பி இழுத்தால் அது வெளிவரும். புதிய உருளை கைப்பிடித் தகட்டுக்கு வெளியே துருத்தி நிற்றல் கூடாது. துருத்திய உருளையைப் பற்றி முறித்துத் திருடர் உட்புகுவது பிரிட்டனிற் பலகாலும் நிகழ்ந்தது. அதன் பின்னரே, முறித்தாலும் திறவாத உருளைகள் செய்யப்பட்டு, அவற்றின் தரத்தைக் காட்ட விண்மீன் குறிகள் பொறிக்கப்படலாயின.

குறையைக் கண்டறிவதே ஆக்கத்துக்கு வழி என்பதற்குப் பூட்டின் வரலாறே சான்று. ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் 1784-ஆம் ஆண்டில் புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். லண்டன் மாநகரில் அவருடைய கடைச் சன்னலில் அத்தகைய பூட்டு ஒன்று வைக்கப்பட்டு, அதனைத் திறக்கும் கருவி செய்வார்க்கு 200 கினி பரிசு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நெடுங்காலம் எவராலும் அதனைத் திறக்க இயலவில்லை. 1851-ஆம் ஆண்டில் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் முயன்று அதனைத் திறந்தார். ஒரு பூட்டின் குறை வெளிப்பட்டமையால் பூட்டுத் தொழில் அழிந்துவிடவில்லை, விழித்துக்கொண்டது. லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் 1861-இலும் 1865-இலும் காப்புரிமை பெற்ற முளைப்பூட்டின் வழிவந்ததே இன்று உலகெங்கும் வழங்கும் தட்டைச் சாவிப் பூட்டு. நம் திண்டுக்கல் பூட்டும் கைத்திறனாற் புகழ் பெற்று, 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு எய்தியது.

இறுதியாக ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. பூட்டு, திருடனைத் தடுப்பதற்கேயன்றி வீட்டாரைச் சிறைப்படுத்துவதற்கன்று. தீப்பற்றிய வேளையில் படிக்கட்டு வழி அடைபட்டால் படுக்கையறைச் சன்னலே உயிர் காக்கும் வாயில். ஆகவே தப்பிச் செல்வதற்குரிய சன்னலின் திறப்பு 450 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமும் உயரமும், 0.33 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பும் உடையதாதல் வேண்டும் என்று இங்கிலாந்தின் கட்டட விதிமுறை கூறுகின்றது. கீலை மாற்றுவோர் குறைவாகத் திறக்கும் கீலைப் பொருத்திவிட்டால் அவ்வாயில் அடைபடும். சன்னற் சாவியைத் தொலைத்துவிட்டு, "நாளை பார்ப்போம்" என்றிருப்போரும் அவ்வாயிலை அடைப்போரே. சாவி, குழந்தைகளின் கைக்கு எட்டாததாயும் பெரியோர் இருளிலும் எடுக்கத்தக்கதாயும் உள்ள ஓரிடத்தில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் வீட்டுக் கதவு உராய்ந்தாலும், பள்ளிச் சன்னலின் கொண்டி நாதாங்கியில் விழாவிடினும், அதனை வலிந்து தள்ளாதீர்கள். சற்று நின்று, இடுக்கை நோக்குங்கள், கீலை நோக்குங்கள், தளர்ந்த திருகாணி எது என்று தேடுங்கள். வலிமை பூட்டை உடைக்கும்; அறிவு அதனைத் திறக்கும். திருப்புளி பிடித்த கை தாழ்ந்த கையன்று. காரணம் அறிந்து செய்யும் சிறு தொழிலும் கல்வியே ஆகும்.

வினாக்கள்

1. "கதவு கெட்டுவிட்டது" என்று மட்டும் கூறுதல் ஏன் போதாது?
2. குற்றம் பூட்டிலா, கதவின் நிலையிலா என்று அறியும் சோதனை யாது?
3. வேலிக்கதவின் சாய்வுச் சட்டத்துக்கும் இரட்டைக் கண்ணாடிக் கதவுக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
4. 1851-ஆம் ஆண்டு நிகழ்ச்சியால் பூட்டுத் தொழில் பெற்ற நன்மை யாது?
5. உங்கள் வீட்டுக் கதவின் உறுப்புகளைப் பெயர் சுட்டி, ஒவ்வொன்றின் பணியையும் ஒரு பத்தியில் எழுதுக.