இன்டெல் ஆர்க் கார்டை நம்பி வாங்கலாமா?

கிராபிக்ஸ் கார்டு சந்தையில் புதிதாக இறங்கியவர்களில் நிலைத்தவர்கள் மிகச் சிலரே. 1990களின் இறுதியில் வூடூ கார்டுகளால் கொடிகட்டிப் பறந்த 3டிஎஃப்எக்ஸ், 2000 டிசம்பரில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அந்தக் கார்டுகளை வைத்திருந்தவர்களுக்கு டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், வருவது நின்றுபோனது. இன்டெலும் 1998இல் ஐ740 கார்டைக் கொண்டுவந்து விரைவிலேயே ஒதுங்கியது. லாராபீ என்ற அடுத்த முயற்சியை 2009 டிசம்பரில், கடைக்கு வருமுன்பே கைவிட்டது. 2022இல் ஆர்க் என்ற பெயரில் இன்டெல் மீண்டும் வந்தபோது, இதுவாவது நிலைக்குமா என்று எழுந்த சந்தேகம் நியாயமானதே. நெய்வேலி டவுன்ஷிப்பில் புதுக் கணினி அசெம்பிள் செய்ய நினைக்கும் குடும்பத்துக்கு அந்தச் சந்தேகம் நேரடியான பணக் கேள்வி. மின்விசிறி செய்த நிறுவனம் மூடிப்போனாலும் விசிறி சுற்றும். கிராபிக்ஸ் கார்டு அப்படியல்ல. புது கேமும் புது விண்டோஸும் வரும்போதெல்லாம் டிரைவரைத் திருத்திக் கொடுக்க ஆள் இருந்தால்தான் அது முழுப் பயன் தரும். ஆகவே விலை, மெமரி இரண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. டிரைவர் வேலை தொடர என்ன காரணம் இருக்கிறது, நம் கணினி அந்தக் கார்டுக்கு ஒத்துவருமா என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

விலையிலும் மெமரியிலும் புதியவர் கை ஓங்கியிருப்பது உண்மை. 2024 டிசம்பரில் வந்த ஆர்க் பி580 கார்டின் அறிமுக விலை 249 டாலர், மெமரி 12 ஜிபி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, அதன்பின் 2025இல் வந்த 5060 இரண்டும் 299 டாலருக்கு 8 ஜிபிதான் தந்தன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 கார்டும் 269 டாலர் அறிமுக விலைக்கு அதே 8 ஜிபிதான் தந்தது. 16 ஜிபி வேண்டுமென்றால் ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி உண்டு, அதன் அறிமுக விலை 349 டாலர். நம்மூர் விலை ஜிஎஸ்டி சேர்ந்து வேறாக இருக்கும். இந்த இடைவெளி கடையிலும் இருக்கிறதா என்று பார்த்தபிறகே ஆர்க்கை யோசிக்க வேண்டும், விலை சமமென்றால் ஆர்க் எடுக்கக் காரணமில்லை. டிரைவரிலும் இன்டெல் உழைத்திருக்கிறது. 2022இல் ஆர்க் ஏ770, ஏ750 கார்டுகள் வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9 காலத்துப் பழைய கேம்கள் அவற்றில் திணறின. சில மாதங்களுக்குள் வந்த டிரைவர்கள் அந்த வேகத்தை வெகுவாக உயர்த்தின.

ஆனால் பழைய கணினியில் செருக நினைப்பவர் ஆர்க் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் இல்லையென்றால் இந்தக் கார்டின் வேகம் பெரிதும் விழும். இன்டெலில் 10ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 3000 ஆகியவற்றுக்கு முந்தைய பிராசஸர்களை இன்டெலே பரிந்துரைப்பதில்லை. 2025 ஜனவரியில் வெளிவந்த சோதனைகளில், வலுக்குறைந்த பிராசஸரோடு பி580 தன் வேகத்தைக் கணிசமாக இழந்ததும் தெரிந்தது. அலுவலகங்கள் கழித்த கணினியை மலிவாக வாங்கி, அதில் கார்டு மட்டும் சேர்ப்பவருக்கு 4060 அல்லது 7600தான் சரி. மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். பி580க்கு 190 வாட், 4060க்கு 115 வாட். தினம் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் மாதம் சுமார் 9 யூனிட் வித்தியாசம். தொகை சிறிதுதான், ஆனால் அந்த 75 வாட்டும் வெப்பமாக அறைக்குள்ளேதான் இறங்கும், அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத குவார்ட்டர்ஸ் அறையில் அது உறைக்கும்.

செயற்கை நுண்ணறிவு படிக்கும் மாணவருக்கு என்விடியாதான் சரி. 2007 முதல் வளர்ந்துவரும் என்விடியாவின் கூடா மென்பொருளை ஒட்டியே பெரும்பாலான பாடங்களும் நூலகங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. படிக்கிற பிள்ளையின் நேரத்தை டிரைவர் சிக்கலில் செலவிடுவது கொடுமை. வீடியோ எடிட்டிங் செய்பவருக்கோ ஆர்க் நல்ல தேர்வு. ஏவி1 முறையில் வீடியோவைச் சுருக்கும் வன்பொருள் வசதியைச் சாதாரணக் கார்டில் முதலில் கொடுத்ததே இன்டெல்தான்.

"நாளைக்கே இன்டெல் இதையும் மூடிவிட்டால்?" என்பது வலுவான ஆட்சேபம். சந்தை ஆய்வு நிறுவனமான ஜான் பெடி ரிசர்ச்சின் கணக்குப்படி 2025 இரண்டாம் காலாண்டில் தனிக் கார்டு விற்பனையில் என்விடியாவுக்கு 94 விழுக்காடு, ஏஎம்டிக்கு 6. இன்டெலின் பங்கு ஒரு விழுக்காடு கூடத் தேறவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலரை இன்டெலில் முதலீடு செய்வதாக அறிவித்ததும், தன் கிராபிக்ஸை இன்டெல் பிராசஸருக்குள் வைக்க ஒப்பந்தம் செய்ததும் கவலையைக் கூட்டின. இருந்தும் 3டிஎஃப்எக்ஸுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு இங்கே உண்டு. பி580இல் உள்ள அதே எக்ஸ்இ2 கட்டமைப்புதான் 2024இல் வந்த லூனார் லேக் லேப்டாப்களிலும் இருக்கிறது. கார்டு விற்பனை நின்றாலும் அந்த லேப்டாப்களுக்காக டிரைவர் எழுதியாக வேண்டும். அந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. 11 முதல் 14ஆம் தலைமுறை பிராசஸர்களின் உள் கிராபிக்ஸுக்கு மாதாமாதம் வந்த டிரைவரை 2025 செப்டம்பரில் இன்டெல் காலாண்டுக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டது. அந்த உள் கிராபிக்ஸின் கட்டமைப்பு 2020இல் வந்தது. அப்படியானால் சுமார் ஐந்தாண்டுக் கவனிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பி580 வாங்குபவர் 2029 வரை அதை ஓட்டும் எண்ணத்தோடு வாங்கினால் கணக்கு சரியாக வரும். பயன்படுத்திய ஏ750 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அதன் காலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ எந்தக் கார்டை வாங்கினாலும், பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், கூரியர் செலவு யாருடையது என்பதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.