பூனை மீசைச் செடி



நம் பள்ளி வேலியோரம் வெள்ளைப் பூங்கொத்துகளுடன் நிற்கும் செடியை நாள்தோறும் கண்டிருப்பீர்கள். பூவிலிருந்து மகரந்தக் கேசரங்கள் வெகு தூரம் வெளியே நீண்டு வளைந்திருப்பதால் மலாய் மொழியில் இதனை 'மீசை கூச்சிங்' என்பர். நாம் பூனை மீசை என்கிறோம். இதன் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். எளிதில் உருளாது; நான்கு பட்டைகள் உண்டு. துளசி, தும்பை, கற்பூரவல்லி ஆகியவற்றின் தண்டும் அவ்வாறே. யாவும் ஒரே குடும்பம். மேல்நாட்டுப் பூந்தோட்டங்களின் சால்வியாவும் இக்குடும்பத்ததே.

முன்னொரு முறை வெள்ளைச் சால்வியா விதையை ஆசையோடு வாங்கி விதைத்தேன். பல்லாண்டு வாழும் சால்வியாக்களுள் பல, நீர் விரைவில் வடியும் நிலத்தையே விரும்புவன. மாக் மண்டினின் அக்டோபர் மழையில் என் நாற்றுகள் வேரழுகி மடிந்தன. அவ்விடத்திலேயே பூனை மீசையை ஊன்றினேன். வெயிலும் ஈரமும் சேர்ந்திருந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

விதை தேட வேண்டுவதில்லை. மிக இளசும் மிக முற்றலுமல்லாத தண்டினை ஒரு சாண் நீளம் நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு நடுக. வேர் பிடிக்கும்வரை நிழல் தேவை. பின்னர் வெயிலுக்கு மாற்றலாம். நிழலிலேயே விட்டால் செடி நெடுநெடுவென வளரும், பூ குறையும். சனவரி, பிப்ரவரி வறட்சியில் மாலைதோறும் நீர் ஊற்றுக. உதிர்ந்த பூங்கொத்துகளை நறுக்கினால் புதுக்கிளை தோன்றும். பூவில் தேனீயும் வண்ணத்துப் பூச்சியும் அமர்வதை வகுப்பு வாரியாகக் குறித்து வைக்கலாம்.

இனிப் பெற்றோர்க்கு ஒரு சொல். இவ்விலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் இந்நாட்டில் பழையது. ஐரோப்பாவிலும் ஜாவாத் தேநீர் என்னும் பெயரால் விற்கப்படுகிறது. சிறுநீரைப் பெருக்கும் என்பர். ஆனால், இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இச்சாற்றைக் குடிப்பதாக ஒருவர் என்னிடம் பெருமையாகக் கூறியபோது திடுக்கிட்டேன். இலையில் பொட்டாசியம் மிகுதி. பழுதுற்ற சிறுநீரகம் அதனை முறையாக வெளியேற்றாது. அது இரத்தத்தில் மிகுந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். ஆகவே சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளோரும், நாள்தோறும் மாத்திரை உண்போரும் கிளினிக்கில் கேளாமல் இதனைப் பருகலாகாது. ஆலையில் இரவு வேலை முடிந்து வருவோர் கிளினிக் நாளைத் தவறவிடுவதை நானறிவேன். ஆயினும் இச்செடி அம்மாத்திரைக்கு ஈடன்று.

ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் கிளைகளைக் கத்தரிப்போம். வேண்டும் மாணவர்கள் ஈரத்துணி ஒன்று கொண்டுவந்து ஆளுக்கு மூன்று தண்டுகள் பெற்றுச் செல்லலாம்.