வியர்க்காமல் நடக்க வேண்டும்: பனிமலையில் ஒரு பகல் ஸ்னோஷூ நடை

பனி மூடிய மலைப்பாதையில் ஒரு பகல் நடந்துவரக் கிளம்புகிறவர்கள் குளிருக்குப் பயந்து, இருக்கிற கம்பளி உடுப்பையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார்கள். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நடக்கிற உடம்பு தானே சூடாகும். அந்தச் சூட்டில் வியர்த்து உள்ளாடை நனைந்துவிட்டால், நடையை நிறுத்திய சில நிமிடங்களில் ஈரம் உடம்புச் சூட்டை இழுக்க ஆரம்பிக்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. ஆகவே பாதை, உடை, வேகம் எல்லாவற்றையும் ‘வியர்க்காமல் போய்வர முடியுமா’ என்ற ஒரே கேள்வியை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் பாதை. நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைகளில், லேக் பிளாசிட் ஊருக்குத் தெற்கே ஹார்ட் ஏரியிலிருந்து மார்சி டேம் வரை செல்லும் பாதை புதியவர்களுக்கு ஏற்றது. ஒருவழித் தூரம் சுமார் 3.7 கிலோமீட்டர். ஏற்றம் குறைவு, பாதை காட்டுக்குள்ளேயே போவதால் காற்றும் அதிகம் அடிக்காது. அமைதி வேண்டுமென்றால் வாரநாளில் போங்கள். மார்சி டேமைத் தாண்டி அவலாஞ்ச் ஏரிப் பக்கம் போக ஆசை வரும். அங்கே பனிச்சரிவுக்கு இடம்தரும் செங்குத்தான சரிவுகள் இருப்பதால், அதற்கான பயிற்சி இல்லாதவர்கள் போகக் கூடாது. டிசம்பர் கடைசியில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கோடையில் ஆகும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்காவது கணக்கில் வைத்து, காலை ஒன்பதுக்குள் கிளம்ப வேண்டும். எங்கே நின்றாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இருட்டுக்குப் பயந்து ஓடுகிறவருக்குத்தான் அதிகம் வியர்க்கும். தொடக்கத்தில் இருக்கும் பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு, தலைவிளக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உடை. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ இருக்கட்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும். அதன்மேல் ஒரு ஃப்ளீஸ், காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். நடுங்கிக்கொண்டு கிளம்பினால் சளி, காய்ச்சல் வராதா என்று கேட்கலாம். அவை கிருமியால் வருபவை. தொடக்கக் குளிரோ பத்து நிமிட நடையில் போய்விடும். அதன்பிறகு ஒருமுறை நின்று, ஓர் உடுப்பைக் கழற்றுங்கள். கனமான டவுன் ஜாக்கெட்டைப் பையின் மேலேயே வைத்து, ஓய்வுக்கு நின்றதும், குளிர் தெரியும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளும் மெதுவாக நடக்கும் பெரியவர்களும் அவ்வளவு சூடாக மாட்டார்கள். அவர்களுக்கு ஓர் உடுப்பு கூடுதலாகவே இருக்கட்டும்.

ஸ்னோஷூ என்பது பனியில் புதையாமல் நடக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அகன்ற சட்டம். அதன் அளவை உடல் எடையோடு பையின் எடையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். முன்பாதத்தின் அகன்ற பகுதி அச்சுக்கு நேர்மேலே பதிய வேண்டும். கால்விரல் முனை சட்டத்தில் இடிக்காமல் துளைக்குள் இறங்கி எழ வேண்டும். குதிகால் தாராளமாக மேலே வர வேண்டும். கொக்கிகள் வெளிப்பக்கம் இருக்கும்படி மாட்டினால் மறுகாலில் சிக்காது. பாதை ஏற்கெனவே மிதிபட்டு இறுகிக் கிடக்கும்போது பூட்ஸ் மட்டும் போதாதா என்பது பலருடைய வாதம். காலையில் போதும் என்றுதான் தோன்றும். மதியம் பனி இளகியதும் முழங்கால்வரை குழி விழும்; ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்கும் உழைப்பிலேயே வியர்த்துவிடும். அந்தக் குழிகள் இரவில் உறைந்து, மறுநாள் வருகிறவரின் கணுக்காலை முறிக்கப் பார்க்கும். இந்தப் பாதை இருக்கும் ஹை பீக்ஸ் வனப்பகுதியில் பனி 20 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஸ்னோஷூவோ ஸ்கீயோ அணிய வேண்டும் என்று விதியே இருக்கிறது.

காலைச் சற்று அகட்டி வையுங்கள். ஏற்றத்தில் முன்முனையை உதைத்து ஊன்றினால் அடியிலுள்ள பற்கள் பிடித்துக்கொள்ளும். பின்னோக்கி நடக்காதீர்கள், வால்முனை புதைந்து ஆளைச் சாய்த்துவிடும். புதுப்பனியில் முன்னால் போகிறவர்தான் அதிகம் களைப்பார்; சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். அப்படி ஊர்ந்தால் எப்போது போய்ச் சேர்வது என்று இளைஞர்கள் கேட்பார்கள். வேகமாகப் போய் நனைந்தவர் நீண்ட ஓய்வு எடுக்க முடியாது. நிதானமாகப் போனவர் மார்சி டேமில் உட்கார்ந்து, நிம்மதியாகச் சாப்பிட்டு, மலையைப் பார்க்கலாம். பாதையை விட்டு விலகி இளம் ஸ்ப்ரூஸ் மரங்களின் பக்கம் போகாதீர்கள். கிளைகளுக்கடியில் பனி இறுகாமல் வெற்றிடம் இருக்கும், இடுப்புவரை உள்ளே இறங்கிவிடுவீர்கள்.

தாகம் தெரியாவிட்டாலும் அவ்வப்போது குடியுங்கள். குப்பியைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேல்பக்கமிருந்து உறைவதால் மூடி அடைக்காது. திரும்பும் வழி இறக்கம் என்பதால் உடம்பு அவ்வளவு சூடாகாது. கழற்றிய உடுப்பை அங்கே மறுபடி மாட்டிக்கொண்டு, முழங்காலைச் சற்று மடக்கி இறங்குங்கள்.